சாந்திட்ட சுவர்கள்

பெருந்துறை என்னும் பெயரைக் கேட்டவுடன் இலக்கிய அன்பர்களுக்கு மாணிக்கவாசகர் நினைவுக்கு வருதல் இயல்பே. அவர் குருவருள் பெற்ற திருப்பெருந்துறை, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். நாம் இங்குப் பேசவிருப்பதோ ஈரோட்டிற்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட கொங்கு நாட்டுப் பெருந்துறை. தெற்கே கைத்தறிக்குப் பெயர் பெற்ற சென்னிமலை. மேற்கே பழைய சமணக் கோயிலை உடையதும், பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் என்று வழிவழியாகச் சொல்லப்பெறுவதுமாகிய விசயமங்கலம். இத்தகைய சுற்றுவட்டத்தில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு வீட்டின் வெளிச்சுவர்!

பெருந்துறைக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில் நம் பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. நிலைக்கதவின் மேல் 1938 என்று செதுக்கியிருக்கும். கல் கடைக்கால், மண்சாந்தில் அடுக்கிய செங்கற்சுவர், மேலே ஓடு, முன்னே இருபுறத் திண்ணை, உள்ளே ஆசாரமும் தொட்டிக்கட்டும். கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வருகின்ற தை மாதத்தில் நம் தம்பி மகளுக்குத் திருமணம். வீட்டைப் புதுப்பித்து வெளிப்புறம் வண்ணம் பூசிவிடலாம் என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்தனர். அந்த வேலை தொடங்கிய நாளில் சுவர் நமக்குக் காட்டியவையே இக்கட்டுரைக்குக் காரணம்.

சுரண்டியபோது கண்டவை

வெளிச்சுவரின் கீழ்ப்பகுதி, தரையிலிருந்து மார்பளவு உயரம் வரை, பல ஆண்டுகளாகவே பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை முறை பட்டி பார்த்து வண்ணம் அடித்தாலும் இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளம் போல எழும்பி, விரல் பட்டால் ஏடாக உரிந்து விழும். மேற்பகுதியோ பழையதாகத் தோன்றினாலும் உறுதியாகவே நின்றது.

கொத்தனார் உளி வைத்துத் தட்டினார். கீழ்ப்பகுதியில் முதலில் வந்தது இரசாயன வண்ணத்தின் மெல்லிய தோல். அதன்கீழ் சிமெண்ட் வண்ணம். அதன்கீழ் ஒரு விரற்கடைப் பருமனுக்குச் சிமெண்ட் பூச்சு. அதற்குப் பின்னால் இருந்த செங்கல், கையால் தேய்த்தாலே பொடியாகும் நிலையில் இருந்தது. மேற்பகுதியில் கதை வேறு. வண்ணத் தோலுக்கு அடியில் சுண்ணாம்பு வெள்ளை, மேலும் வெள்ளை, மேலும் வெள்ளை. பெயர்ந்து வந்த சில்லு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வெங்காயத் தோல் போல அடுக்கு அடுக்காக இருந்தது. சில அடுக்குகளில் நீலச் சாயல். சிலவற்றில் காவிப் பட்டையின் சுவடு. எண்ணத் தொடங்கி முப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு பொங்கல், அல்லது ஒரு மாரியம்மன் நோம்பி. அவற்றுக்கெல்லாம் அடியில், 1938ஆம் ஆண்டின் சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, தட்டினால் ஓசை எழும் உறுதியோடு இருந்தது. அதன் பின்னிருந்த செங்கல்லுக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரே வீடு, ஒரே செங்கல், ஒரே மழை, ஒரே வெயில். எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பூச்சு நிற்கிறது. நாற்பது ஆண்டுகூட ஆகாத பூச்சு தான் அழிந்ததோடு செங்கல்லையும் அழித்திருக்கிறது. இது ஏன்? இவ்வினாவே நம்மைச் சுண்ணாம்பின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

சுதை, சுண்ணம், சாந்து

தமிழில் இப்பொருளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. சுதை, சுண்ணம், சுண்ணாம்பு, சாந்து, காரை என்று பல. வகுப்பில் நெடுநல்வாடை நடத்துகையில், பாண்டியன் அரண்மனையை நக்கீரர் வருணிக்கும் பகுதியில் சற்று நின்று செல்வது நம் வழக்கம். வெள்ளி போல் ஒளிரும் சுதையையும், செம்பு போன்ற நெடுஞ்சுவரையும், அதில் எழுதிய பூங்கொடியையும் புலவர் அங்குக் காட்டுகிறார். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்து மக்கள் செங்கல் மாளிகைகளின் வெண்சுதை மீது வல்லவர்கள் இயற்றிய உருவங்களைக் கண்டு நிற்கிறார்கள். ஆக, வெளிச்சுவரின் வெண்மை என்பது பழந்தமிழ் நகரத்துச் செல்வத்தின் அடையாளம். அது தெருவில் செல்வோர் காண்பதற்காகவே அமைந்தது.

இவ்வெண்மை பிறக்கும் முறை எளிதே. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ கரியோடு அடுக்கிக் காளவாயில் சுட வேண்டும். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கல்லில் உள்ள கரியமில வாயு வெளியேறும். 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சுவரில் பூசியபின், அது காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. சுட்டபோது இழந்ததைச் சுவரில் இருந்தபடியே மீட்டுக்கொள்கிறது. இது நிகழ்வதற்கு மாதங்கள் பிடிக்கும். பருமனான பூச்சுக்கு ஆண்டுகளும் பிடிக்கும். சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது என்று பழைய கொத்தனார்கள் சொல்வதன் பொருள் இதுவே.

கடற்கரை ஊர்களுக்குக் கிளிஞ்சல் இருந்தது. கடலற்ற கொங்கு நாட்டுக்குச் சுக்கான்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் இருந்தன. தோண்டி எடுத்து, சுட்டு, வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பதைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் ஊர்தோறும் இருந்தன.

இந்த அறிவு நம்மவர்க்கு மட்டும் வியப்பாக இருக்கவில்லை. 1732ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில், சென்னைப் பட்டணத்தில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறை பற்றி ஒரு குறிப்பு வெளியாயிற்று. அனுப்பியவர் செயிண்ட் எலினா தீவின் ஆளுநர் ஐசக் பைக். சுண்ணாம்பும் மணலும் தவிர வெல்லம், பயறு வேகவைத்த நீர், கடுக்காய், தயிர், நெய், முட்டையின் வெண்கரு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. படிக்கும்போது சாந்துக் குறிப்பா சமையற் குறிப்பா என்னும் ஐயம் எழும்! தயிரை அவர் தமிழ் ஒலியிலேயே எழுதியிருப்பதும் சுவையானது. பளிங்கு போல் வழவழக்கும் அப்பூச்சினை ஐரோப்பியர் 'மெட்ராஸ் சுனாம்' என்றே அழைத்தனர். நம் சுண்ணம் ஆங்கில அகராதியில் குடியேறிய வரலாறு இது.

கருவூர்க் கல்வெட்டு

நிற்க. இதுவரை சொன்னவை பொருளைப் பற்றியவை. சுதை பூசிய வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்று இலக்கியம் சொல்கிறது. யார் பூசக்கூடாது என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று நம் கொங்கு நாட்டிலேயே இருக்கிறது.

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள அக்கல்வெட்டை ஊல்ச் அவர்கள் 1899இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில் பதிப்பித்தார். கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்தோடு தொடங்கும் அரச ஆணை அது. பல மன்னர்கள் தாங்கிய பட்டமாதலால் அதைக் கொண்டு மட்டும் மன்னர் இன்னார் எனத் துணிதல் இயலாது. ஆணை யாருக்கு? தென்கொங்கில் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு. ஆணையின் செய்தி இது: ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு ஆடி மாதம் முதற்கொண்டு, தங்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை முதலியன கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம்.

இவ்வாணையின் படிகள் கொங்கில் வேறு இடங்களிலும் கிடைத்துள்ளன. நாட்டாரும் ஊராரும் அறியும்படி கோயிற் சுவரில் வெட்டி வைக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய செய்தியாக இருந்திருக்கிறது.

இக்கல்வெட்டை முதுகலை மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் சுவர் சுரண்டிய அன்றுதான் அதன் கடைசிச் செய்தி நம் நெஞ்சில் உறைத்தது. கம்மாளர் என்போர் யார்? பொன்வேலை, இரும்புவேலை, மரவேலை, கன்னார வேலை, கல்வேலை ஆகிய ஐந்தும் செய்வோர். கோயிலின் கல்லைச் செதுக்கியவர்களும், மாளிகையின் கதவைச் செய்தவர்களும், மன்னன் மனைவியின் அணிகலனை வார்த்தவர்களும் அவர்களே. ஊரின் அழகையெல்லாம் தம் கையால் ஆக்கியவர்கள், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ள அரசனிடமிருந்து அனுமதி ஓலை பெற வேண்டியிருந்தது! அனுமதி தரப்பட்டது என்றால், அதற்கு முன் தடை இருந்தது என்பதே பொருள். கம்மாளருக்கே இதுவென்றால், அவருக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தோரின் வீட்டுச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இது கொங்குக்கு மட்டும் உரிய செய்தி அன்று. திருவிதாங்கூர் நாட்டில் நாடார் முதலியோர் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டவும், குடை பிடிக்கவும், காலணி அணியவும் 19ஆம் நூற்றாண்டிலும் தடை இருந்தது. கருவூர்க் கல்வெட்டில் செருப்பும் சாந்தும் ஒரே மூச்சில் சொல்லப்படுவது தற்செயல் அன்று. உடம்பின் வெளிப்புறமும் வீட்டின் வெளிப்புறமும் ஊர்க்கண்ணுக்குப் படுபவை. யார் யாரென்பதைத் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ள ஊர் விரும்பியது. வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை.

சிமெண்ட் வந்த வழி

இனி நம் சுவரின் கீழ்ப்பகுதிக்கு வருவோம். 1824இல் இங்கிலாந்தின் லீட்சு நகரத்துக் கொத்தனார் சோசப் ஆசுப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1904இல் சென்னையில் ஓர் ஆலை முயன்று பார்த்தது. 1914இல் குசராத்தின் போர்பந்தரில் தொழில் நிலைகொண்டது. 1930களில் கோவையை அடுத்த மதுக்கரையில் ஆலை எழுந்தது. காளவாய்க்குப் போய்க்கொண்டிருந்த கொங்கின் சுண்ணாம்புக் கல் ஆலைக்குப் போகத் தொடங்கியது.

எனினும் சிற்றூர் வீடுகளுக்குச் சிமெண்ட் உடனே வந்துவிடவில்லை. நாடு விடுதலை பெற்றபின் நெடுங்காலம் அதன் விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. மூட்டைக்குப் பர்மிட் வாங்க அலுவலகம் அலைந்த கதையை அக்காலத்தவர் சொல்லக் கேட்கலாம். 1982இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது; 1989இல் முழுதும் நீங்கியது. நம் வீட்டின் கீழ்ச்சுவருக்குச் சிமெண்ட் பூசியதும் அந்த இடைக்காலத்தில்தான். வெளிச்சுவரில் சுண்ணாம்பு வெள்ளை போய், முதலில் ஸ்னோசெம் போன்ற சிமெண்ட் வண்ணங்களும், பின்னர் எமல்ஷன் எனப்படும் பிளாஸ்டிக் தன்மையுள்ள வண்ணங்களும் வந்தன. ஆண்டுதோறும் அடிக்க வேண்டியதில்லை, கை வைத்தால் ஒட்டாது, நூற்றுக்கணக்கான நிறங்கள். மக்கள் ஏன் விரும்பினார்கள் என்பதில் வியப்பொன்றுமில்லை.

குறை சிமெண்டில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. பழைய வீடுகளின் கடைக்காலில், நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இராது. மண்ணின் ஓதம் செங்கல் வழியே மேலேறும்; கூடவே உப்பையும் கொண்டுவரும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். ஈரோடு மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்யும். எஞ்சிய மாதங்களின் வறண்ட காற்றில் சுவர் உலர்ந்துகொள்ள வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது. அதே சுவரின்மேல் இறுக்கமான சிமெண்டையும், அதன்மேல் பிளாஸ்டிக் தோலையும் போர்த்தினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. அது உள்ளேயே தேங்கும், இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரியும், செங்கல்லை அரிக்கும், வண்ணத்தை உரிக்கும். மேலும் பழைய மண்சாந்துச் சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் சற்றே அசைந்து கொடுப்பது. விறைத்த சிமெண்ட் அவ்வாறு அசையாது, வெடிக்கும். சிமெண்டில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு தகும். மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவருக்கு அது தகாது.

பெரிய இடங்களில் இவ்வறிவு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் உமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டெடுத்தனர். திருவரங்கம் கோயிலின் திருப்பணியில் மரபு முறைகளைக் கைக்கொண்டமைக்காக 2017இல் யுனெசுகோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரிய இந்தக் கவனம் 1938இல் கட்டிய ஓர் ஓட்டு வீட்டுக்குக் கிடைப்பதுதான் அரிது.

பெரியவர் சொன்னது

நம் வீட்டிலும் வழக்கு இரண்டுபட்டது. தம்பியின் கட்சி இது: திருமணத்துக்கு நாள் குறுகியிருக்கிறது, ஒப்பந்தக்காரர் பதினைந்தே நாளில் சிமெண்ட் பூசிப் பட்டி பார்த்துப் பளபளவென்று முடித்துத் தருவதாகச் சொல்கிறார், சுண்ணாம்பு என்றால் மறுபடியும் ஆண்டுக்கொரு முறை மட்டை பிடிக்க வேண்டும், அதற்கு இன்று ஆள் எங்கே? ஒவ்வொன்றும் நியாயமான வாதம். நம்மிடம் இருந்த விடை, மேற்சுவரிலிருந்து பெயர்ந்த அந்தச் சில்லு ஒன்றுதான்.

சுண்ணாம்பு வேலை அறிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். எழுபதைக் கடந்தவர். இவ்வீட்டுக்கு 1938இல் சாந்து பூசியவர்களில் தம் பாட்டனாரும் ஒருவர் என்று சொல்லி நம்மைத் திடுக்கிடச் செய்தார். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சுவரு மூச்சு உடோணுமுங்க வாத்தியாரய்யா. நீங்க வாயக் கட்டிப் போட்டீங்க, அது உள்ளயே புழுங்கிச் செத்துப்போச்சு" என்றார். மேலே நாம் ஒரு பத்தியில் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

கருவூர்க் கல்வெட்டு நினைவில் இருந்தமையால், அவர் பாட்டனார் தம் வீட்டுக்கும் இதே சாந்தைப் பூசியிருந்தாரா என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "அதெப்படிங்க? எங்க ஊடு மண்ணுச் சுவரு, மேல கரும்புச் சோகைங்க. ஒருக்கா எங்க பாட்டன் மிச்சஞ்சொச்ச சுண்ணாம்பக் கொண்டாந்து வாசப்பக்கம் அடிச்சாராமா. பண்ணையத்துல கூப்புட்டு, ஏண்டா ஊரு நோம்பியா உன்ர ஊட்லன்னு கேட்டாங்களாமா. அப்பறம் சாணி போட்டு மெழுகீட்டாருங்க" என்றார். எந்தப் பண்ணையம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் பாட்டனார் எந்த வீட்டில் பண்ணையம் பார்த்தார் என்பது நமக்குத் தெரியாதது அன்று.

நண்பர்களே, நம் பாட்டனார் ஊரில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அவர் கட்டிய சுவரின் வெண்மையைப் போற்றி எழுத உட்கார்ந்த நமக்கு, அவ்வெண்மை ஊரில் ஒரே ஒரு தெருவுக்கு உரியதாக இருந்தது என்பதையும் எழுதும் கடமை இருக்கிறது. கல்வெட்டில் படித்தபோது அது எண்ணூறு ஆண்டுக்கு முற்பட்ட செய்தி போலத் தோன்றிற்று. திண்ணையில் அமர்ந்து கேட்டபோது இரண்டு தலைமுறைத் தொலைவுதான் என்று தெரிந்தது.

இன்று அவர் வாழ்வது அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில். 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் போன்றவை குடிசைகளின் இடத்தில் கான்கிரீட் வீடுகளைக் கொண்டுவந்தன. வேலை பேசி முடிந்தபின் ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். வெளிச்சுவர் முழுதும் கண்ணைப் பறிக்கும் பச்சை. சன்னலைச் சுற்றி மஞ்சள் பட்டை. சுண்ணாம்பின் அருமையை இவ்வளவு அறிந்தவர் தம் வீட்டுக்கு ஏன் அதை அடிக்கவில்லை என்று கேட்டோம். "இது சிமெண்டு ஊடுங்க, இதுக்குப் பெயிண்டுதான். பேத்தி போயிக் கடையில அட்டையப் பாத்துக் கலரு எடுத்துட்டு வந்துச்சுங்க. எட்டத்துல பஸ்ஸுல வாறப்பவே எங்க ஊடு தெரியுமுங்க" என்றார்.

தெருவில் செல்வோர் காண்பதற்காக அமைந்தது சுவரின் வெண்மை என்று மேலே எழுதினோம். அந்தப் பச்சையும் அதற்காகத்தான் அமைந்தது. பிளாஸ்டிக் வண்ணங்கள் வந்து மரபைக் கெடுத்துவிட்டன என்று எழுதுவது நம்மைப் போன்றோர்க்கு எளிது. யாரிடமும் கேட்காமல், கடையில் அட்டையைப் பார்த்து, விரும்பிய நிறத்தைப் பேத்தி எடுத்து வருகிறாள். கம்மாளருக்கு மன்னன் ஓலை தந்து வழங்கிய உரிமை அவளுக்கு ஒரு வண்ணக் கடையில் கிடைத்திருக்கிறது. சிமெண்டும் பெயிண்டும் கொங்குச் சிற்றூருக்குச் செய்த நன்மையை மறைத்துவிட்டு, அவை நம் பழைய சுவருக்குச் செய்த தீமையை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறே.

செய்தது

முடிவில் தம்பி இணங்கினார். கீழ்ச்சுவரின் சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தோம். பொடிந்த செங்கற்களை மாற்றினோம். சுவர் ஆறிக் காயும் வரை சில வாரங்கள் திறந்தே கிடந்தது. உறவினர் பலர் வந்து துக்கம் விசாரித்தனர். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி ஊறவைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு, மணல் சேர்த்து அரைத்துப் பெரியவர் சாந்து கூட்டினார். அவர் மேற்பார்க்க, இளைய கொத்தனார் இருவர் மணியாசுக்கட்டை பிடித்துப் பூசினர். வெயில் நேரே படாமல் ஈரச் சாக்குக் கட்டினோம். செலவும் நாளும் ஒப்பந்தக்காரர் சொன்னதைவிடக் கூடுதலே. அதை மறைப்பதற்கில்லை.

மேற்சுவரில் பிளாஸ்டிக் தோலை மட்டும் உரித்துவிட்டு, பழைய வெள்ளையை அப்படியே விட்டு, அதன்மேல் புது வெள்ளை அடித்தோம். சுண்ணாம்பு நீரில் கஞ்சியும் சிறிது நீலமும் சேர்ப்பது பழைய வழக்கம். வெள்ளைக்குத் தூக்கலாக நீலம் இடும் இவ்வழக்கத்துக்கு அவுரியும், 1828இல் ஐரோப்பாவில் செயற்கையாகச் செய்யக் கற்ற நீலப்பொடியும் உதவியிருக்கின்றன.

வீடு புதுப்பிக்க எண்ணும் வாசகர்க்கு இரண்டு குறிப்புகள். ஒன்று, பூச்சைத் தொடுமுன் சுவர் எதனால் கட்டப்பட்டது என்று ஓரிடத்தில் தட்டிப் பாருங்கள். மண்ணும் சுண்ணாம்பும் என்றால் சுண்ணாம்பு. சிமெண்ட் என்றால் சிமெண்ட். மற்றொன்று, பழைய கதவு சன்னல்களின் எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வேலை முடிந்த அன்று பெரியவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் ஆசாரத்தில் இலை போட்டோம். அவர் பாட்டனார் இவ்வீட்டின் வெளிச்சுவரைப் பூசியவர். உள்ளே அமர்ந்து உண்டவர் அல்லர். இதை எழுதுவது நம் பெருமைக்காக அன்று. எண்பது ஆண்டு தாமதித்து நடந்த செயலில் பெருமை கொள்ள ஏதுமில்லை. பேத்தியும் வந்திருந்தாள். புது வெள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா கலரே இல்லையேங்க" என்றாள். திண்ணையோரம் காவிப் பட்டை இன்னும் அடிக்கவில்லை, பொங்கலுக்கு முன் அடித்துவிடுவோம் என்று சொன்னோம். எத்தனை விரற்கடை அகலம் என்பதை அவளே வந்து சொல்வதாக ஏற்பாடு.